வாப்பாவின் கையும் மூன்று சேர்க்கைக் கடிதங்களும்

அணுசக்திப் பொறியியலில் முதுகலை படிக்க எனக்கு மூன்று இடங்களில் சேர்க்கை கிடைத்தது. மூன்று கடிதங்களும் ஒரே மாதத்தில் வந்தன. அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்றாகிவிட்டது.

நாங்கள் கடையநல்லூர்க்காரர்கள். வாப்பா வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் மனை வாங்கி வீடு கட்டினார். வீடு கட்டி முடிந்த வருடம் அவர் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. பெருவிரலில் பாதிதான் இருந்தது. தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் உள்ளங்கையில் வேறு நிறத்தில் பளபளவென்று இருந்தது. மெஷினில் மாட்டிக்கொண்டது என்று உறவுக்காரர்களிடம் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

பிறகு அவர் தென்காசிப் பழைய பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார். தாளை இடது கையால் எடுத்து வைப்பார். மீதமிருக்கும் இரண்டு விரல்களால் மூடியை அழுத்துவார். வேகமாகத்தான் செய்வார். புது ஆட்கள் கையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

பத்தாம் வகுப்பில் ஏதோ சான்றிதழைத் தேடும்போது பீரோவில் ஒரு ஆஸ்பத்திரித் தாள் கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்தது. கதிர்வீச்சினால் ஏற்பட்ட தீப்புண் என்று அதில் எழுதியிருந்தது. உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எண்ணெய்க் குழாய்ல வெல்டிங் வச்ச எடத்த எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்களாம். ஒன் வாப்பாவுக்கு அந்த வேலைதான். என்னமோ கீழ கெடந்துச்சாம். தெரியாமக் கையில எடுத்துட்டாரு. இத வெளிய சொல்லிராத, கேட்டியா? கதிரு கிதிருன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒனக்கு எவன் மாப்பிள தருவான்?"

அன்றைக்குப் படிக்க ஆரம்பித்தவள்தான் நான். கையில் எடுத்த ஒரு பொருள் சுடவும் இல்லை, கடிக்கவும் இல்லை, ஆனால் சில வாரங்களில் விரல்களைத் தின்றுவிட்டது என்பது எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் ஒவ்வொன்றாகப் படித்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். மூன்றாம் வருடத்தில் அணுசக்திப் பொறியியல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் அந்தப் படிப்பு என்று வாப்பா கேட்கவில்லை. கேட்பார் என்று நான் காத்திருந்தேன்.

விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

மூன்று இடங்களில் ஒன்று வடக்கே ஓர் அரசுத் தொழில்நுட்ப நிறுவனம். நுழைவுத் தேர்வு எழுதிக் கிடைத்த இடம். உலை இயற்பியல், வெப்பக் கடத்தல், பாதுகாப்பு என்று பாடத்திட்டம் கனமாக இருந்தது. இரண்டாவது ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம். வளாகத்துக்குள்ளேயே சின்னதாக ஓர் ஆராய்ச்சி உலை இருந்தது. மாணவர்களே அதை இயக்கிப் பார்க்கலாம். உதவித்தொகையோடு கிடைத்திருந்தது. மூன்றாவது சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். புதிதாக ஆரம்பித்த பிரிவு. ஆசிரியர்களில் பாதிப் பேர் வேறு துறைக்காரர்கள்.

உம்மாவுக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. "வெளிநாட்டுக்கு ஒருத்தர அனுப்பிட்டு நான் பட்டது போதும். வடக்கயும் வேணாம். வெள்ளிக்கிழம ரயில் ஏறுனா சனிக்கிழம காலையில வீட்டுல நிக்கணும். அப்படி ஒரு எடம்னா படி."

கல்லூரியில் எனக்கு மூத்தவர் ஒருவர் இதே படிப்பை முடித்து வேலையில் இருந்தார். அவரிடம் போனில் கேட்டேன். "வெளிநாட்டுல படிப்பு நல்லாத்தான் இருக்கும். படிச்சு முடிச்ச பொறவு அங்க வேற நாட்டுக்காரங்கள உலை பக்கத்துல லேசுல விடமாட்டாங்க. இங்க திரும்பி வந்தா, நம்ம ஊர்ல இந்த வேலையெல்லாம் கவர்மெண்ட் கையில. அவங்க எடுக்கிற வழியே வேற. அத யோசிச்சுக்கோ. ஆனா உலையத் தொட்டுப் படிக்கிற வாய்ப்பு இங்க எங்கயும் லேசுல கெடைக்காது. அதையும் யோசிச்சுக்கோ" என்றார்.

இரண்டையும் யோசித்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு மூன்று இடங்களையும் எழுதி, ஒவ்வொரு நாளும் எதையாவது அடித்துத் திருத்தினேன். எந்தப் பக்கமாகக் கூட்டினாலும் ஐரோப்பாதான் முன்னால் வந்தது. கூட்டல் அப்படி வருமாறு நானே பார்த்துக்கொண்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

ஐரோப்பிய விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ஏன் இந்தத் துறைக்கு வருகிறாய் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். நான் வாப்பாவின் கையைப் பற்றி எழுதியிருந்தேன். எழுதும்போது அழுதேன், நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷமும் கூடவே இருந்தது. இணையத்தில் நேர்காணல் நடந்தபோது ஒரு பேராசிரியை, வயதானவர், அந்தக் கட்டுரையைத் தன் சக ஆசிரியர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதாகச் சொன்னார்.

சேர்க்கைக் கடிதம் வந்த அடுத்த வாரம் அவர்களிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. புது மாணவர்களை அறிமுகப்படுத்தும் இணையப் பக்கத்தில் என் கட்டுரையைப் போட விரும்புகிறார்கள். முடிந்தால், அப்பா சம்மதித்தால், அவருடைய கையின் புகைப்படம் ஒன்றையும் அனுப்ப வேண்டும்.

அன்று மதியம் வாப்பா சாப்பிட வந்தபோது சொன்னேன். அவர் இடது கையில் ஸ்பூன் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என் கைய எதுக்கும்மா போட்டோ பிடிக்கணும்?"

கட்டுரையைப் பற்றிச் சொன்னேன்.

"என்ன எழுதியிருக்க? வாசி, கேப்போம்."

மொபைலில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். உம்மா தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றாள். பாலைவனத்தில் ஒரு குழாய்த்தொடர். பயிற்சி இல்லாத ஒரு தொழிலாளி. எச்சரிக்கைகள் எல்லாம் அவருக்குப் புரியாத மொழியில். 'அது என்னவென்று என் தந்தைக்குத் தெரியாது. தெரியாததால்தான் அதைக் கையில் எடுத்தார். தெரியாமை இனி யாருடைய விரலையும் தின்னக் கூடாது என்பதற்காக நான் படிக்க வருகிறேன்.'

வாப்பா ஸ்பூனைத் தட்டில் வைத்தார். சோறு மீதி இருந்தது. எழுந்து கை கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். உம்மா என்னைப் பார்த்து, "வெளிய சொல்லாதன்னு சொன்னேன், நீ ஒலகத்துக்கே எழுதியிருக்க" என்றாள்.

மறுநாள் காலை வாப்பா கடை திறக்கப் போகாமல் என்னிடம் வந்தார். "குத்தாலம் வர போயிட்டு வருவமா? வண்டிய எடு."

சீசன் நேரம். சாரல் விட்டு விட்டு அடித்தது. நான் ஸ்கூட்டர் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். மலையில் இரவெல்லாம் மழை பெய்திருந்ததால் மெயினருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில், அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவையும் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, போலீஸ்காரர் எப்போது விடுவார் என்று துண்டோடு நின்றார்கள். நாங்கள் ஐந்தருவிச் சாலையில் கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். தடை என்பதால் கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் டீயைக் கொடுத்துவிட்டு வெளியே ரம்புட்டான் விற்கிறவரோடு பேசப் போய்விட்டார்.

"நேத்து வாசிச்சேல்லா, அந்த ஒரு வரியத் திருப்பிச் சொல்லு."

எந்த வரி என்று எனக்குத் தெரிந்தது. "அது என்னவென்று என் தந்தைக்குத் தெரியாது."

"அது தப்பு."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"எடுக்கும்போது தெரியாது. எடுத்த பொறவு தெரிஞ்சுட்டு" என்றார். அருவிப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "கேமரான்னு சொல்லுவோம், எக்ஸ்ரே எடுக்கிற பெட்டி. அதுக்குள்ள இருக்கிற சாமான் சங்கிலித் துண்டு மாதிரி இருக்கும். சுண்டுவிரல் நீளம்தான். வேல முடிஞ்சு வயர இழுத்தா உள்ள போயிரணும். அன்னைக்கு அது கழண்டு மணல்ல விழுந்திருக்கு. ஆப்பரேட்டர் வண்டியக் கொண்டாரப் போயிட்டான். கதிரு காட்டுற மீட்டர்ல பேட்டரி கெடையாது. ஒரு வாரமாவே கெடையாது. நான் அந்த வயர் போற டியூபச் சுருட்டுதேன், இது பளபளன்னு கெடக்கு. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். நாலு நிமிசம், அஞ்சு நிமிசம் இருக்கும். அப்பதான் ஞாபகம் வந்துச்சி. வேலைக்குச் சேந்த அன்னைக்கு ஒரு படம் காட்டுனாங்க. இதே மாதிரி சங்கிலி, அத ஒரு கை தொடுது, அதுக்கு மேல செவப்புல பெருக்கல் குறி. பாஷ புரியல, படம் புரியும்லா?"

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"கீழ போட்டுட்டு ஓடியிருக்கணும். ஆனா அது எங்க பொறுப்புல இருக்கிற சாமான். தொலைஞ்சுட்டுன்னா வேல போயிரும், வீடு பாதியில நிக்குது. அந்த நேரம் எங்க ரூம்காரன் ஒருத்தன் தண்ணி கேனோட வந்தான். புளியங்குடிக்காரன். குழாய் மாட்டுற பைப் பிட்டர். அவனுக்கும் எங்க வேலைக்கும் சம்பந்தமே கெடையாது. 'ஸ்டோர் பக்கம் போவுதியாலே'ன்னு கேட்டேன். 'ஆமா அண்ணாச்சி'ன்னான். 'இத ஸ்டோர்ல குடுத்துரு'ன்னு அவன் கையில குடுத்தேன். பேண்ட் பையில போட்டுக்கிட்டுப் போனான்."

சாரல் தகரக் கூரையில் விழுந்தது. வெளியே யாரோ சிரித்தார்கள்.

"ஸ்டோர் பூட்டிக் கெடந்திருக்கு. சாயங்காலம் வர அது அவன் பையிலயே இருந்துச்சி. பொறவு தேட ஆரம்பிச்சு, மீட்டரோட வந்து, அவன்ட்டருந்து எடுத்தாங்க. மூணு வாரத்துல போய்ச் சேந்துட்டான். ஆஸ்பத்திரில எனக்கு அடுத்த கட்டில்லதான் கெடந்தான். தொடையெல்லாம்..." டீ கிளாஸை நகர்த்தி வைத்தார். "வீட்டுக்குக் காலுல புண்ணு, விஷக்காய்ச்சல்னு சொன்னாங்க. ஒடம்பு வச்ச பெட்டியத் தெறக்கக் கூடாதுன்னு எழுதி அனுப்பிச்சாங்க. அவன் பொண்டாட்டி புளியங்குடியிலதான் இருக்கா. எலுமிச்சங்கா மண்டியில காய் தரம் பிரிக்கிற வேல."

"ஏன் வாப்பா அவருட்ட சொல்லாமக் குடுத்தீங்க?"

அவர் முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

"சொன்னா அவன் வாங்கமாட்டாம்லா."

என்னால் அவர் பக்கத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து ரோட்டோரம் போய் நின்றேன். பதினைந்து வருடமாக நான் பார்த்துப் பரிதாபப்பட்ட கை அது. எத்தனையோ தடவை அந்தக் கைக்குக் களிம்பு போட்டிருக்கிறேன். மதுரைக்குப் போகும்போதெல்லாம் பேருந்து புளியங்குடிக்குள் நுழையும் முன்பே அவர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருப்பார். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து வந்தார். "எந்தக் காலேஜுக்கு வேணும்னாலும் போ. ஒன் இஷ்டம். அந்த எழுத்த வச்சு மட்டும் போவாத" என்றார்.

உம்மாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பதில் அனுப்ப எனக்குப் பத்து நாட்கள் இருந்தன. அந்தப் பத்து நாளும் அவர் வீட்டுக்குள் வந்தால் நான் மாடிக்குப் போனேன். என்ன தகராறு என்று உம்மா என்னைக் கேட்டாள், அவரைக் கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவளுக்குக் கோபம் எங்கள் இருவர் மேலும்.

ஐந்தாவது நாள் அந்தப் பேராசிரியைக்கு எழுதினேன். கட்டுரையில் நான் எழுதிய ஒரு செய்தி உண்மையல்ல என்று இப்போது தெரியவந்திருக்கிறது, அதை எங்கும் வெளியிட வேண்டாம், படம் அனுப்ப முடியாது, என்ன உண்மை என்பதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இவ்வளவுதான். சேர்க்கையை ரத்து செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அதைத்தான் விரும்பினேன். முடிவு என் கையில் இருக்காதே.

மறுநாளே பதில் வந்தது. வெளியிடமாட்டோம்; உன் மதிப்பெண்களுக்காகத்தான் இடம் தந்தோம்; நேர்மையாக எழுதியதற்கு நன்றி; செப்டம்பரில் உன்னை எதிர்பார்க்கிறோம். அவ்வளவு அன்பாக இருந்தது அந்தக் கடிதம். அதைப் படித்துவிட்டு எரிச்சல்தான் வந்தது.

கடைசியில் வடக்கே போவதென்று முடிவு செய்தேன். இதை யாரிடமும் தியாகம் மாதிரி நான் சொல்லிக்கொண்டதில்லை. ஐரோப்பாவில் ஒரு துறை முழுக்க அந்தக் கதையைக் கேட்டிருந்தது. காரிடாரில் எதிரே வரும் ஒவ்வொருவரும் அந்தக் கையை நினைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தேன். வடக்கே எனக்கு ஒரு தேர்வு மதிப்பெண் மட்டும்தான் இருந்தது. அது போதும் என்று தோன்றியது. வளாகத்துக்குள் உலை வைத்திருந்த அந்த இடத்தை விட்டது சரிதானா என்றால், படிப்பைப் பொறுத்தவரை சரியில்லை. அங்கே கிடைத்திருக்கக்கூடியது இங்கே கிடைக்கவில்லை. வகுப்பில் உலையின் படத்தைத் திரையில் காட்டும்போதெல்லாம் அது எனக்குத் தெரியும்.

தென்காசி ரயில் நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். வாப்பா பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு வந்து இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்தார். "சாப்புட்டுக்கோ" என்றார். "சரி" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

முதல் செமஸ்டரில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஒரு பாடம். ஒரு நாள் வீட்டுப்பாடமாக ஒரு கணக்கு கொடுத்தார்கள். தொழிற்சாலையில் பயன்படும் இன்ன வலிமையுள்ள கதிர்வீச்சு மூலம், இன்ன தூரம், இன்ன நேரம். உடல் வாங்கும் அளவு என்ன? மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். கணக்கில் இருந்த எண்களை நான் அழித்துவிட்டு ஐந்து நிமிடம் என்று போட்டேன். விடை வந்தது. பிறகு சாயங்காலம் வரையான மணிநேரங்களைப் போட்டேன். அந்த விடையும் வந்தது. பாடப்புத்தகத்தில் அந்த அளவுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, கொடுத்த எண்களுக்கே மறுபடி செய்து கொடுத்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் மத்தியானம் உம்மா போன் செய்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"ஒன் வாப்பா என்னையும் கூட்டிட்டுப் புளியங்குடிக்குப் போனாரு. எதுக்குன்னே சொல்லல. மண்டிக்குப் போயி ஒரு பொம்பளையத் தேடிக் கண்டுபிடிச்சாரு. அவ முன்னால நின்னு எல்லாத்தையும் சொன்னாரு. நானும் அங்கனதான் நின்னேன். ஒனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும்மா."

"எனக்கு மட்டுந்தான் தெரியாதா? பதினஞ்சு வருசம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டிருக்கேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"காய் பிரிக்கிறத நிறுத்தாமலே கேட்டா. முடிஞ்ச பொறவு, 'நீங்க எவ்வளவு நேரம் கையில வச்சிருந்தீங்க'ன்னு கேட்டா. அஞ்சு நிமிசம்னாரு. 'அவுக?'ன்னா. இவரு சாயங்காலம் வரைக்கும்னாரு. சரி, போங்கன்னுட்டா. அவ்வளவுதான். இவரு அங்கனயே நிக்குதாரு. நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

அதன் பிறகு உம்மா அவருக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதோடு சரி. கடையை மதியம்வரைதான் திறக்கிறாராம். எனக்குப் போன் வந்தால் உம்மாதான் பேசினாள்.

டிசம்பரில் தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறைக்கு வந்தபோது அவர் கையில் துணி சுற்றியிருந்தது. ஒட்டிய தோலின் ஓரத்தில் புண் திறந்துகொண்டிருந்தது. மோதிர விரல் கறுத்திருந்தது. இந்த மாதிரிப் புண் பல வருடம் கழித்தும் திரும்ப வரும் என்று நான் படித்திருக்கிறேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஒரு மாதமாக என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. திருநெல்வேலிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இளவயது டாக்டர் ஒருவர் துணியைப் பிரித்துப் பார்த்தார். "இது பழைய காயம். எப்படி ஆச்சு? மெஷினா?"

வாப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவரே சொன்னார். கதிரியக்கச் சாமான், வெறுங்கையில் எடுத்தேன், ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், பிறகு இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டேன். டாக்டர் முதல் மூன்றையும் எழுதிக்கொண்டார். நான்காவதற்குப் பேனாவை எடுக்கவில்லை. அது மருத்துவத்துக்குத் தேவையில்லாத செய்தி.

விரலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை. எனக்குச் செவ்வாய்க்கிழமை செமஸ்டர் தேர்வு, ஞாயிற்றுக்கிழமையாவது விமானம் ஏற வேண்டும். இருக்கிறேன் என்றேன். "நீ இருந்து என்ன செய்யப் போற, போ" என்றாள் உம்மா. அவள் ஆஸ்பத்திரியில் தங்குவதற்காகப் பையில் அவருடைய கைலிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். வாப்பா கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் அன்றைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.